சயாமாவைக் கேளுங்கள்: வயிற்றில் இரண்டு

சென்ற இதழில் ஒரு வாசகிக்கு இரட்டைக் கர்ப்பம் பற்றி நான்கு வரியில் பதில் எழுதியிருந்தோம். நான்கு வரி போதாது என்று ரங்கூனிலிருந்து மோல்மேன் வரை கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுக்க அதுதான். பதில் எழுதுபவர்கள் ஒரு மருத்துவச்சியும் ஒரு மகப்பேறு மருத்துவரும். 'சயாமா' என்று இங்கே சொல்வது படித்துப் பயிற்சி பெற்ற மருத்துவச்சியை. ஊரில் பழக்கத்தில் பிரசவம் பார்க்கும் லெத்தே வேறு. அந்த வேறுபாடு கீழே சில இடங்களில் உயிர் விஷயமாகவே வரும்.

கேள்வி: எனக்கு 22 வாரம். சயாமா டேப் வைத்து அளந்துவிட்டு, வயிறு 27 செ.மீ. இருக்கிறது, இரட்டையாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்து வா என்கிறார். தொட்டுப் பார்த்தே இரட்டை என்று சொல்லிவிட முடியுமா?
– வாசகி, பெகு

சந்தேகப்படலாம், அடித்துச் சொல்ல முடியாது. 20 வாரத்தில் கருப்பையின் உச்சி தொப்புள் பக்கம் நிற்கும். அதன்பின் வாரத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. ஏறும். 22 வாரத்துக்கு 22, ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் சரி. உங்களுக்கு 5 செ.மீ. கூடுதல். அவர் அனுப்பியது நியாயம்தான். அளப்பதற்கு முன் சிறுநீர் கழித்திருந்தீர்களா என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தாலே அளவு இரண்டு மூன்று செ.மீ. ஏறிவிடும்.

வயிறு பெரிதாக இருக்க வேறு காரணங்களும் உண்டு. மாதவிலக்குத் தேதியைத் தவறாகச் சொல்லியிருப்பது, பனிக்குட நீர் அதிகம், கருப்பைக் கட்டி, முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (பிள்ளைக்குப் பதில் குமிழ்க் கொத்தாகச் சதை வளர்வது) எல்லாமே வயிற்றைப் பெரிதாகக் காட்டும். கையால் தடவிப் பார்த்து இரண்டு தலை, அல்லது தலையும் பிட்டமுமாக மூன்று பெரிய பாகம் அகப்படுவதெல்லாம் ஏழாம் மாதத்துக்கு மேல்தான். இதயத் துடிப்பை வைத்துச் சொல்ல வேண்டுமானால் இரண்டு பேர் இரண்டு இடத்தில் ஒரே நிமிடத்தில் எண்ண வேண்டும். 10 துடிப்பாவது வித்தியாசம் இருந்தால்தான் இரண்டு பிள்ளை என்று நம்பலாம். ஒருவரே மாறி மாறிக் கேட்டால், ஒரே பிள்ளையின் துடிப்பே இரண்டு எண்ணிக்கையாகத் தெரியும். ஸ்கேனுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: 12 வாரத்தில் எடுத்த ஸ்கேனில் 'ஒரு நஞ்சு, இரண்டு பனிக்குடம்' என்று எழுதியிருக்கிறது. டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் என்கிறார். என் தோழிக்கும் இரட்டைதான். அவளை மாதம் ஒரு தடவைதான் வரச் சொன்னார்கள். எனக்கு மட்டும் ஏன் இத்தனை செலவு?
– வாசகி, ரங்கூன்

ஏனென்றால் உங்கள் கர்ப்பமும் தோழியின் கர்ப்பமும் ஒரே ரகம் அல்ல. இரட்டை என்று தெரிந்ததும் எல்லாரும் ஆணா பெண்ணா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி, நஞ்சு ஒன்றா இரண்டா என்பது. நஞ்சு என்பது கருப்பைச் சுவரில் ஒட்டியிருந்து, கொடி வழியே பிள்ளைக்கு ஊட்டம் தரும் உறுப்பு.

இரண்டு முட்டை தனித்தனியே கருத்தரித்தால் எப்போதும் நஞ்சு இரண்டு. ஒரே கரு இரண்டாகப் பிளந்தால், எந்த நாளில் பிளந்தது என்பதைப் பொறுத்தது. முதல் 3 நாளில் பிளந்தால் நஞ்சும் இரண்டு, பனிக்குடமும் இரண்டு. 4 முதல் 8 நாளுக்குள் என்றால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு, இதுதான் உங்களுடையது. 8 நாளும் தாண்டிப் பிளந்தால் இரண்டு பிள்ளையும் ஒரே குடத்தில் கிடக்கும், கொடிகள் ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும். 13 நாளும் கடந்தால் உடல் ஒட்டிய பிள்ளைகள். ஆகவே நஞ்சு ஒன்றென்றால் பிள்ளைகள் ஒரே அச்சு என்பது உறுதி. நஞ்சு இரண்டென்றால் வேறு வேறு சாயல் என்பது உறுதியில்லை.

நஞ்சு ஒன்றாக இருப்பதில் என்ன கோளாறு? அதன் உள்ளே இரண்டு பிள்ளையின் ரத்தக் குழாய்களும் இணைந்திருக்கும். கொடுக்கல் வாங்கல் சமமாக நடக்கும்வரை தொல்லை இல்லை. 100 பேரில் 10 முதல் 15 பேருக்கு அது ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. ஒரு பிள்ளை கொடுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு ரத்தம் குறைந்து, சிறுநீர் குறைந்து, குடத்தில் நீர் வற்றிவிடும். மற்றது வாங்கிக்கொண்டே இருக்கும். அதன் இதயம் திணறும், அதன் குடத்தில் நீர் பெருகும். 16 முதல் 26 வாரத்துக்குள் இது அதிகம் வரும், சில நாளிலேயே முற்றும். அதனால்தான் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். நஞ்சு இரண்டாக இருப்பவர்களுக்கு 20 வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்கு ஒன்று போதும்.

இரண்டு ஸ்கேனுக்கு நடுவே காவல் இருப்பது நீங்களும் சயாமாவும்தான். ஒரே வாரத்தில் வயிறு விறுவிறுவென்று பெருத்து, தோல் பளபளத்து இறுகினாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவை வாரம் ஒரு முறை அளந்து புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நோய் பிடிபட்டால் ரத்தக் குழாய் இணைப்புகளை லேசரால் அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. நேரத்தோடு தெரிந்தால்தான் எங்கே போவது என்று யோசிக்கவாவது நாள் இருக்கும்.

ஒரு குறிப்பு: நஞ்சின் எண்ணிக்கையை 11 முதல் 14 வாரத்துக்குள் பார்ப்பதே தெளிவு. இரு குடங்களும் நஞ்சைத் தொடும் இடத்தில் சதை ஆப்பு போல ஏறியிருந்தால் இரண்டு நஞ்சு, மெல்லிய தோல் நேராக வந்து முட்டினால் ஒரு நஞ்சு. மாதம் ஏற ஏற இந்த அடையாளம் மங்கிவிடும். 'இரட்டை' என்று மட்டும் எழுதித் தந்தால் அது அரை ரிப்போர்ட். மீதி அரையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மருமகள் ஒட்டிய இரட்டை வாழைப்பழம் சாப்பிட்டாள். அதனால்தான் இப்படி என்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இரட்டை இல்லை. இது யார் வழி?
– ஒரு மாமியார், தட்டோன்

பழம் வயிற்றுக்குப் போகிறது அம்மா, கருப்பைக்கு அல்ல. வேறு வேறு சாயலில் வரும் இரட்டை பெண்ணின் தாய்வழியில் தொடர்வதுண்டு, ஏனென்றால் ஒரே மாதத்தில் இரண்டு முட்டை விடுவது பெண் உடம்பின் சுபாவம். 35 வயதுக்கு மேல் கருத்தரித்தாலும், பிள்ளைப்பேறுக்கு மாத்திரை ஊசி எடுத்திருந்தாலும் வாய்ப்பு கூடும். ஒரே அச்சில் வருவதற்குப் பெரும்பாலும் யார் வழியும் கிடையாது.

கேள்வி: இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை, நெஞ்செரிகிறது. எடை எவ்வளவு கூட வேண்டும்? சத்து மாத்திரையும் வயிற்றைப் புரட்டுகிறது.
– வாசகி, மண்டலே

கர்ப்பத்துக்கு முன் சராசரி உடம்பாக இருந்தவர் இரட்டைக்கு மொத்தம் சுமார் 17 முதல் 24 கிலோ கூடலாம். தட்டை நிறைத்து மூன்று வேளை சாப்பிட முயல்வதால்தான் எரிச்சல். வயிற்றுக்கு இடம் இல்லை. ஆறு சிறு வேளையாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் முட்டை, மீன், பருப்பு, கடலை, பட்டாணி ஏதாவது ஒன்று இருக்கட்டும். சோற்றைக் கூட்டுவது எளிது. அதில் பயன் குறைவு.

இரும்புச் சத்து விஷயத்தில் இரட்டைக்கு விட்டுக்கொடுக்க முடியாது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. முதல் பார்வையிலும், 20–24 வாரத்திலும், 28 வாரத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்தில் ரத்தம் கூடுதலாகப் போகக்கூடியவர் நீங்கள், கையிருப்பு இல்லாமல் போய் நிற்கக் கூடாது. மாத்திரையை இரவு படுக்கும் முன், எலுமிச்சைச் சாறோ கொய்யாத் துண்டோ சேர்த்து எடுத்தால் புரட்டல் குறையும், சத்தும் நன்றாக இறங்கும். தேநீரோடு மட்டும் வேண்டாம். பால் தேநீரும் சரி, லபெத் தேயிலைக் கலவையும் சரி, மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளி நிற்கட்டும். கால்சியம் மாத்திரையையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

கேள்வி: 31 வாரம். கால் வீங்கியிருக்கிறது. சயாமா வாரா வாரம் பி.பி.யும் சிறுநீரும் பார்க்கிறார். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, எதற்கு?
– வாசகி, பியாபோன்

தொந்தரவு தெரிகிறபோது நோய் பாதி தூரம் போயிருக்கும், அதற்காகத்தான். கர்ப்பகால ரத்த அழுத்தம் ஒற்றைப் பிள்ளைக்காரரைவிட இரட்டைக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். கால் வீக்கம் மட்டும் இருந்தால் அது அடையாளம் அல்ல. இரட்டை சுமக்கிற எல்லாருக்கும் கால் வீங்கும். முகமும் விரலும் திடீரென்று உப்பினால் கவனிக்க வேண்டும்.

பி.பி. பார்ப்பதிலும் முறை உண்டு. 5 நிமிடம் உட்கார்ந்து ஆறிய பிறகு, முதுகு சாய்த்து, கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். படகிலிருந்து இறங்கி ஓடிவந்த கையோடு பார்த்தால் யாருக்கும் ஏறித்தான் இருக்கும். 140/90 தொட்டால் மறுபடி பார்த்து உறுதி செய்து, சிறுநீரில் புரதம் பார்த்து, மருத்துவமனைக்கு. 160/110 தொட்டால் அது அவசரம், நாளை என்று சொல்லக் கூடாது. கடும் தலைவலி, கண் மங்கல், கண்முன் பொறி பறத்தல், வலது விலா எலும்புக்குக் கீழே வலி வந்தால் அளவு எதுவானாலும் அவசரம்தான். அந்த வலியை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருப்பவர்கள் நிறைய.

வலிப்பு வந்துவிட்டால் வீட்டார் செய்ய வேண்டியது கொஞ்சமே. இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாயில் ஒன்றும் வைக்காதீர்கள், வண்டியைக் கூப்பிடுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் கெடுதல் இல்லை. அதைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் கெடுதல்.

சயாமாக்களுக்கு: வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்பேட் முதல் அளவு 14 கிராம். 4 கிராமை 20 சதவீதக் கரைசலாக நரம்பில் மெதுவாக, குறைந்தது 5 நிமிடம் எடுத்து ஏற்ற வேண்டும். மீதி 10 கிராம், 50 சதவீதக் கரைசலில் பக்கத்துக்கு 5 கிராமாக இரண்டு பிட்டத்திலும் ஆழமாக. முழுச் சிகிச்சை தர வசதியில்லாத இடத்திலும் இந்த முதல் அளவைக் கொடுத்துவிட்டே அனுப்ப வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அடுத்த அளவு தருமுன் மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல், முழங்கால் அனிச்சை இருந்து, 4 மணி நேரத்தில் சிறுநீர் 120 மி.லி.யாவது போயிருக்க வேண்டும். மூச்சு தளர்ந்தால் மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம். அது கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் மக்னீசியத்தைத் தொடாதீர்கள்.

முதல் கர்ப்பம், 40 வயது, அதிக உடல் எடை போன்றவையும் இரட்டையோடு சேர்ந்தால், 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவது வழக்கம். 75 முதல் 150 மி.கி. வரை, டாக்டர் எழுதிய பிறகு மட்டும்.

கேள்வி: இரட்டை என்றால் ஆறாம் மாதத்திலிருந்து படுத்தே இருக்க வேண்டுமா?
– வாசகி, ரங்கூன்

வேண்டாம். படுத்துக் கிடப்பதால் குறைப்பிரசவம் நிற்பதில்லை. காலில் ரத்தம் உறைவதும் தசை தளர்வதும்தான் மிச்சம். பளு தூக்காதீர்கள், களைத்தால் படுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: முதல் இரண்டு பிள்ளையும் வீட்டிலேயே லெத்தே பார்த்து, இரண்டு மணி நேரத்தில் பிறந்தன. இப்போது இரட்டை, 29 வாரம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம். வலி வந்த பிறகு போனால் போதாதா?
– வாசகியின் கணவர், தொண்டே

போதாது தம்பி. நீங்கள் தைரியத்துக்குச் சொன்ன காரணமே எங்களுக்குப் பயத்துக்குக் காரணம். போன முறை 2 மணி நேரம் என்றால் இந்த முறை அதைவிடக் குறையலாம், படகு அதற்குள் அக்கரை சேராது. இரட்டையில் 100க்கு 60 பேருக்கு 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகிவிடுகிறது. ஆகவே 'ஒன்பது மாதம் ஆகட்டும்' என்ற கணக்கு உங்களுக்கு இல்லை.

34 வாரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆபரேஷனும் ரத்தமும் உள்ள மருத்துவமனைக்கு அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய உறவினர் வீட்டுக்கு மாறிவிடுங்கள். அதற்கு முன்பே சயாமாவோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்: இரவில் எந்தப் படகுக்காரர், கரையிலிருந்து எந்த தோன்பெயின் (மூன்று சக்கர வண்டி), யாருடைய தொலைபேசி எண், ரத்தம் கொடுக்க உங்கள் வீட்டில் எந்த இரண்டு பேர், அவர்கள் ரத்த வகை என்ன. நாள் ஏப்ரல் நடுவில் விழுந்தால் இன்னும் கவனம். திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா நாட்களில் வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. மழைக்காலத்தில் விழுந்தால் ஒரு வாரம் முன்னதாகவே கிளம்புங்கள்.

34 வாரத்துக்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, இடுப்பு வலி அலை அலையாக வந்தாலோ, நீர் கசிந்தாலோ உடனே புறப்படுங்கள். பிள்ளைகளின் நுரையீரலைத் தேற்ற டெக்ஸாமெதசோன் 6 மி.கி. ஊசி, 12 மணிக்கொரு முறை நான்கு. அதன் முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது ஆகும், அந்த ஒரு நாளைத்தான் நீங்கள் ஆற்றங்கரையில் தொலைக்கக் கூடாது. லெத்தே அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள். பேச்சுத்துணைக்கும் முதுகு நீவிவிடவும் அவரை மிஞ்ச ஆளில்லை.

கேள்வி: கிளைச் சுகாதார நிலையத்தில் தனியாக வேலை பார்க்கிறேன். ஸ்கேனே எடுக்காத பெண் முற்றிய வலியோடு வந்து, முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் உள்ளே இன்னொன்று இருப்பது தெரிந்தால் என்ன செய்வது?
– இளம் மருத்துவச்சி, மோல்மேன் வட்டாரம்

நல்ல கேள்வி. இதில் தவறு நடப்பது பெரும்பாலும் முதல் ஒரு நிமிடத்தில்.

பிள்ளை பிறந்ததும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தொடையில் போடுவது உங்கள் கை தானாகச் செய்யும் வேலை. அந்தக் கையை நிறுத்துங்கள். ஒவ்வொரு பிரசவத்திலும், ஒற்றை என்று உறுதியாகத் தெரிந்த பிரசவத்திலும்கூட, ஊசிக்கு முன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே பிள்ளை இருக்கும்போது அந்த மருந்து போனால் கருப்பை அதை இறுக்கிப் பிடிக்கும். நஞ்சுக்கு ரத்தம் நின்றுவிடும், கருப்பை கிழியவும் கூடும். மிசோப்ரோஸ்டால் மாத்திரைக்கும் இதே சட்டம்.

உள்ளே இன்னொன்று இருக்கிறது என்றால் முதல் பிள்ளையின் கொடியை இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி நடுவில் வெட்டுங்கள். தாய்ப்பக்கத்து முனை கட்டாமல் கிடந்தால், நஞ்சு ஒன்றாக இருக்கும்பட்சத்தில், உள்ளே இருக்கும் பிள்ளையின் ரத்தம் அந்த வழியாக வெளியேறிவிடும். அந்த முனைக்கு ஒரு கிளிப் போடுங்கள்; இரண்டாவதற்கு இரண்டு கிளிப். பிறகு நஞ்சைப் பார்க்கும்போது எது யாருடையது என்று தெரியும். கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். முதல் பிள்ளையைத் துடைத்து, தாயின் மார்பிலோ துணைக்கு நிற்பவரின் மார்பிலோ போர்த்திப் போடுங்கள்.

அடுத்து வயிறு. துணைக்கு ஒருவரை வைத்து இரண்டு உள்ளங்கையாலும் வயிற்றின் இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இடம் திடீரென்று கிடைத்ததால் இரண்டாவது பிள்ளை குறுக்கே திரும்பிக்கொள்ளப் பார்க்கும், இந்த அணைப்பு அதை நேராக நிறுத்தும். இதயத் துடிப்பைக் கேளுங்கள், 5 நிமிடத்துக்கொரு முறை கேட்டுக்கொண்டே இருங்கள். 110க்குக் கீழோ 160க்கு மேலோ நின்றுவிட்டால் அவசரம். கையுறையோடு உள்ளே பாருங்கள்: தலையா, பிட்டமா, தோளா, கொடியா. இரண்டாவது பனிக்குடத்தை அவசரப்பட்டு உடைக்காதீர்கள். தலையோ பிட்டமோ இடுப்பெலும்புக்குள் இறங்கி உட்காருமுன் குடம் உடைந்தால் நீரோடு கொடி சரிந்து வெளியே வந்துவிடும். வலி வந்து, பாகம் இறங்கி அழுந்திய பிறகே உடைக்கலாம்.

முதல் பிள்ளை பிறந்ததும் வலி சிறிது நேரம் நின்றுபோவது இயல்பு. தாயைத் தெம்பாக உட்கார வைத்து, மூத்திரம் போகச் சொல்லி, முதல் பிள்ளையை முலையில் போடுங்கள், வலி திரும்பும். மருத்துவமனையில் என்றால் இந்த நேரத்தில் ஆக்ஸிடோசினைச் சொட்டு மருந்தாக அளந்து ஏற்றுவார்கள். தனியாக நிற்கும் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இரண்டாவதும் பிறந்துவிடும். நேரம் கூடக் கூட அந்தப் பிள்ளைக்குப் பிராணவாயு குறைகிறது என்பதால் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். வண்டிக்கு ஆள் அனுப்புவது முதல் நிமிடத்திலேயே நடந்திருக்க வேண்டும். அரை மணி காத்திருந்து பிறகு அல்ல.

பிள்ளை குறுக்கே கிடந்தால், குடம் உடையாமல் இருக்கும்வரை, வெளியிலிருந்து இரண்டு கையாலும் மெதுவாகத் தலையையோ பிட்டத்தையோ கீழே கொண்டுவர முயலலாம். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். உள்ளே கைவிட்டுக் காலைப் பிடித்துத் திருப்புவது பழகிய மருத்துவரின் வேலை. கொடி சரிந்துவிட்டால் கையை உள்ளேயே வைத்துத் தலையை மேலே தாங்கி, தாயை முழங்காலும் மார்பும் தரையில் படக் குப்புற வைத்து, அப்படியே வண்டி ஏற்றுங்கள்.

இரண்டாவது பிறந்தது. உடனே ஊசியா? இன்னொரு முறை வயிற்றைத் தொடுங்கள். மூன்றாவது இல்லை என்று தெரிந்த பிறகு ஊசி.

கேள்வி: இரட்டை பிறந்தால் ரத்தப்போக்கு அதிகம் என்கிறார்களே, ஏன்? எங்கள் நிலையத்தில் மின்சாரம் இருப்பதைவிட இல்லாத நேரமே அதிகம். ஊசி மருந்து கெட்டுப்போகாதா?
– துணை மருத்துவச்சி, பெகு வட்டாரம்

அளவுக்கு மீறி இழுத்த ரப்பர் திரும்பச் சுருங்கச் சோம்பல் படும். கருப்பையும் அப்படித்தான். நஞ்சு ஒட்டியிருந்த இடமும் பெரிது. அது கல் போல இறுகினால்தான் அங்கே திறந்து கிடக்கும் குழாய்கள் மூடும்.

ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த மருந்து பார்க்க ஒன்றும் மாறியிருக்காது, வீரியம் மட்டும் போயிருக்கும். மின்சாரம் நம்ப முடியாத இடத்தில் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியில் ஐஸ்கட்டி மாற்றி மாற்றி வையுங்கள், நேரடியாக ஐஸில் புதைக்காதீர்கள். அது முடியாதென்றால் மிசோப்ரோஸ்டால் கைவசம் வைத்திருங்கள். குளிர்ச்சி தேவையில்லை, ஈரம் படாத பட்டையில் இருந்தால் போதும். தடுப்புக்கு 600 மைக்ரோகிராம் வாய்வழி. ரத்தம் போகத் தொடங்கிய பிறகு சிகிச்சைக்கு 800, நாக்குக்கு அடியில். நடுக்கமும் காய்ச்சலும் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டார் வேறு நோய் என்று பதறுவார்கள். பி.பி. உள்ளவருக்கு, கருப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான எர்கோமெட்ரின் கூடாது.

விரித்த துணி 5 நிமிடத்துக்குள் நனைந்துவிட்டால் அது போக்குதான், அளந்துகொண்டிருக்க வேண்டாம். மூத்திரப்பையைக் காலி செய்து, தொப்புளுக்குக் கீழே கருப்பையை இறுகும்வரை தேயுங்கள், ஊசி, நரம்பில் நீர். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் 10 நிமிடத்தில் மெதுவாக, பிரசவமான 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். வண்டியில் போகும்போது ஒரு கையை உள்ளே முட்டி மடக்கி வைத்து, மறு கையால் வயிற்றின் மேலிருந்து கருப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டே போகலாம். கை வலிக்கும். விடாதீர்கள். நஞ்சு முழுசாக வந்ததா என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதும் உங்கள் வேலை.

கேள்வி: இரட்டை என்றாலே ஆபரேஷன்தானா?
– வாசகி, ரங்கூன்

இல்லை. முதல் பிள்ளையின் தலை கீழே இருந்து வேறு சிக்கல் இல்லையென்றால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். 2013இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பல நாடுகளில் சுமார் 2,800 தாய்மாரிடம் பார்த்ததில், இப்படிப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே ஆபரேஷன் செய்வதால் பிள்ளைகளுக்குக் கூடுதல் நன்மை தெரியவில்லை. ஆனால் அந்தப் பிரசவங்களெல்லாம் அவசர ஆபரேஷனுக்குத் தயாராக இருந்த மருத்துவமனைகளில் நடந்தவை. அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. முதல் பிள்ளை பிட்டமாகவோ குறுக்காகவோ இருந்தால் ஆபரேஷன் நல்லது. ஒரே பனிக்குடத்தில் இரண்டு என்றால் 32–34 வாரத்துக்குள் ஆபரேஷனே. நஞ்சு ஒன்று, குடம் இரண்டு என்றால் 36 வாரம்; நஞ்சு இரண்டென்றால் 37. சிக்கல் எதுவும் இல்லாவிட்டாலும் அதைத் தாண்டி இழுக்க வேண்டாம்.

கேள்வி: 35 வாரத்தில் பிறந்த என் பிள்ளைகள் 1.9 கிலோ, 2.1 கிலோ. பால் போதாது, ஒன்றுக்குப் புட்டிப்பால் கொடு என்கிறார்கள்.
– வாசகி, மோல்மேன்

உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். ஒரு பிள்ளையைப் புட்டிக்கு மாற்றினால் உடம்பு ஒரு பிள்ளைக்கு மட்டும் சுரக்கப் பழகிவிடும், பிறகு நிஜமாகவே போதாது. இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். பக்கத்துக்கு ஒரு தலையணை வைத்து, பிள்ளைகளின் கால்கள் உங்கள் அக்குளுக்குப் பின்னால் போகும்படி இடுக்கிக்கொண்டால் இரண்டு தலையும் முன்னால் வரும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை. குறைமாதப் பிள்ளை அழுது கேட்காது, தூங்கிக்கொண்டே இளைக்கும். 3 மணி நேரத்துக்கு மேல் விடாமல் எழுப்பிக் கொடுங்கள். உறிஞ்சத் தெம்பில்லாவிட்டால் பீச்சியெடுத்துச் சுத்தமான சிறு கிண்ணத்தால் பருகக் கொடுக்கலாம். 5ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் நாளைக்கு 6 முறையாவது ஈரமாக்கினால் பால் போதும் என்று அர்த்தம்.

மற்ற நேரம் இரண்டையும் வெற்றுடம்போடு உங்கள் மார்பில் செங்குத்தாக வைத்து, லோஞ்சித் துணியால் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள், தலையில் தொப்பி போட்டு. 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் நாள் முழுக்க. நீங்கள் களைத்தால் ஒன்றை அப்பா மார்பில் கட்டுங்கள். மனுஷ உடம்புச் சூடு எல்லார் மார்பிலும் ஒன்றுதான்.

கேள்வி: பிரசவமானதிலிருந்து சோறும் உப்பும் பொரித்த கருவாடும்தான் தருகிறார்கள். இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன், கால் மரத்துப்போகிறது. பத்தியத்தை மீறலாமா?
– வாசகி, பியாபோன்

மீறியாக வேண்டும். நம் பக்கத்துப் பத்தியமும் பர்மியர் பத்தியமும் இந்த நாட்டில் ஒன்றாகச் சேர்ந்து தாயைப் பட்டினி போடுகின்றன. மஞ்சள் பூசுவதில் ஆட்சேபணை இல்லை. தட்டைத்தான் சரிசெய்ய வேண்டும். கால் மரப்பது வைட்டமின் பி1 சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். தீட்டிய வெள்ளை அரிசியில் அது குறைவு. பலமுறை கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டினால் மீதியும் போயிற்று. வேகாத ஙாப்பி (புளிக்கவைத்த மீன் விழுது), வெற்றிலை பாக்கு, கடுந்தேநீர் மூன்றும் உடம்பிலிருக்கும் கொஞ்சத்தையும் பயனில்லாமல் ஆக்கும். ஙாப்பியை நன்றாக வேகவைத்தால் அந்தக் கெடுதல் போய்விடும், அதை விட வேண்டியதில்லை. பட்டாணி, பயறு, வேர்க்கடலை, முட்டை, சாப்பிடும் வழக்கமுள்ளவர்கள் பன்றிக்கறி, எல்லாம் முதல் நாளிலிருந்தே சாப்பிடலாம். கஞ்சியை வடிக்காமல் பொங்கிய சோறாகச் சாப்பிடுங்கள்.

ஒன்பதாம் மாதத்திலிருந்து பிரசவமாகி மூன்று மாதம்வரை தினம் 10 மி.கி. பி1 மாத்திரை தருவது இந்த நாட்டு சுகாதாரத் துறையின் நடைமுறை. இரட்டைக்காரர் பலருக்கு ஒன்பதாம் மாதமே வராமல் பிரசவமாகிவிடுவதால் இந்த மாத்திரை கைக்கு வராமலே போய்விடுகிறது. சயாமாவிடம் கேட்டு வாங்குங்கள். மரத்த காலை டாக்டரிடம் காட்டுங்கள், அதற்கு இன்னும் கூடுதல் அளவு வேண்டியிருக்கும்.

தாய்க்கு இல்லாதது பாலிலும் இருக்காது. ஒன்று முதல் மூன்று மாதத்துப் பிள்ளை திடீரென்று பால் குடிக்க மறுத்து, மூச்சு இரைத்து, அழும்போது வாய் திறந்தும் குரல் கம்மிப்போய்க் காற்று மட்டும் வந்தால் இரவென்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பி1 ஊசி போட்டால் சில மணி நேரத்தில் பிள்ளை தெளிந்துவிடும், போடாவிட்டால் அதே சில மணி நேரத்தில் இதயம் நின்றுவிடலாம். போகும்போது ஒரு பிள்ளைக்குத்தானே என்று மற்றதை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். அதுவும் அதே பாலைத்தான் குடிக்கிறது.